கல்லுக்கு யூரியா போட்டவன்

போன கிழமை ஒரு மத்தியானம் என்னுடைய ஐஸ் தொழிற்சாலை நாறிப்போனது. மீன் நாற்றம் என்று நினைக்கவேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற எங்களுக்கு மீன் மணம் கணக்கிலேயே வராது. அது இல்லாவிட்டால்தான் என்னவோ குறையுது என்று தேடுவோம். இது வேறு. கூழ்முட்டையும் சேறும் உப்பும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் வைத்தது போல, மூக்கால் ஏறி மண்டைக்குள் கதிரை போட்டு இருக்கிற மணம்.

வேலைக்காரர் ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ஒருவன் கழிவுத்தண்ணிக் கானுக்குள் தடி விட்டுக் கிண்டினான். ஒருவன் கூரையில் ஏறினான். இன்னொருவன் எல்லாரையும் மணந்து பார்த்து எல்லாரிடமும் பேச்சு வாங்கினான். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"உது மீனுமில்லை, எலியுமில்லை. கல்லு."

"கல்லு நாறுமோ முதலாளி?"

"நாறும். எனக்கு நாப்பத்தஞ்சு வருசத்துப் பழக்கம்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை யாரோ சாதாரண ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. இந்த ஐஸ் தொழிற்சாலையை மூன்று தரம் கட்டியிருக்கிறேன். ஒரு தரத்தைக் கடல் கொண்டுபோனது, ஒரு தரத்தைச் சண்டை கொண்டுபோனது, மூன்றாவதுதான் இப்போது நிற்கிறது. இந்தக் கரையில் என்னுடைய ஐஸ் படாத மீனை நீங்கள் தின்றிருந்தால் அது நாறல் மீனாகத்தான் இருந்திருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். நாற்றம் வந்தது ஒரு நீல வாளியிலிருந்து. அதை முதல்நாள் பின்னேரம் என்னை நம்பி வைத்துவிட்டுப் போனது ஒரு பிள்ளை. பல்கலைக்கழகத்தில் கடலைப் படிக்கிற பிள்ளை. புத்தகத்தில் பவளப்பாறை என்கிற முருகைக்கல் எங்கே இருக்குது, என்னென்ன மீன் மிச்சம் என்று கணக்கெடுக்க நாலு நாளாக எங்கள் கரையில் திரிந்தது. அன்று காலை ஒரு வலையில் முருகைக்கல் கொப்பு நாலைந்து முறிந்து வந்ததாம். அந்தப் பிள்ளை அதைக் கடல் தண்ணீரோடு வாளியில் ஏந்திக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி வந்தது.

"ஐயா, இது மான்கொம்பு முருகை. உயிரோடை இருக்கு. நாலு நாளா இதைத்தான் தேடினனாங்கள். இதுக்குக் காத்து விட்டுக்கொண்டிருக்கவேணும். உங்களிட்டைத்தான் எந்த நேரமும் கரண்ட் இருக்கெண்டு சொன்னவை."

"ஆர் சொன்னது? சரியாத்தான் சொல்லியிருக்கினம். வைச்சிட்டுப் போ பிள்ளை."

"ஒருத்தரும் தொடவேண்டாம், ஐயா."

"பிள்ளை, இந்தக் கேற்றுக்குள்ளை எறும்பும் என்னைக் கேட்டுத்தான் நடக்கும்."

அப்படிச் சொன்னவன் நான். அடுத்த நாள் மத்தியானம் அந்த வாளியைப் போய்ப் பார்த்தேன். மண்ணிறமாய், நுனியெல்லாம் நீலமாய் இருந்த கொப்புகள் வெளுத்து, சளி வழிந்து கிடந்தன. பக்கத்தில் எங்கள் காவலாளி சின்னராசா, நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றான். அவன் எனக்குத் தாய்வழியில் தம்பி முறை. ஐம்பது வயது வரைக்கும் ஸ்கந்தபுரத்தில் வயல் செய்தவன்.

"அண்ணை, செடி வாடிப்போய்க் கிடந்தது. உப்புத் தண்ணிக்குள்ளை விட்டிட்டுப் போயிருக்குதுகள், படிச்சதுகள்! நான் மூண்டு தண்ணி கழுவி, கிணத்துத் தண்ணி விட்டு, குளிரா இருக்கட்டுமெண்டு ரெண்டு கட்டி ஐசும் போட்டனான்."

சாப்பாட்டுக் கரியரோடு அந்த நேரம் வந்த என் மனைவி பிலோமினா, இதைக் கேட்டதும் கரியரை நிலத்தில் வைத்தாள். ஐஸ் பெட்டிக்கு மேல் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தாள்.

"உங்கட பரம்பரையே இப்பிடித்தானோ?" என்றாள். "கேட்டியோ சின்னராசா, நீ யூரியா போட மறந்திட்டாய்."

சின்னராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. சொல்கிறேன்.

நான் வட்டக்கச்சிப் பிள்ளை. அப்பா யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி, இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைத்தவர். எங்கள் வீட்டில் கதை எல்லாம் தண்ணீர்க் கதைதான். எந்த வாய்க்கால் எப்போ திறப்பினம், ஆர் வரம்பை வெட்டினான், ஆரின்ரை முறை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவரவில்லை. அவர் என்னை வரவேண்டாம் என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவரும் நானும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

பிறகு லொறி கிளீனர். கிளிநொச்சியிலிருந்து உமி மூடி ஐஸ் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போய், மீனோடு திரும்புகிற லொறி. ஐஸ் எங்கே உருகுது, ஏன் உருகுது, உமி எவ்வளவு போட்டால் நிற்கும் என்று வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு போவேன். மற்றக் கிளீனர்கள் நித்திரை கொண்டார்கள். அவர்கள் கடைசி வரைக்கும் கிளீனர். நான் இப்போது முதலாளி. சும்மா சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கடலை நான் முதன்முதல் கண்டது இருபத்திரண்டு வயதில், அந்த லொறியிலிருந்து இறங்கித்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு தண்ணீர் கிடந்தும் கரையில் ஒரு வயல் இல்லையே என்று வயிறு எரிந்தது. பக்கத்தில் தேத்தண்ணி வாளியோடு ஒரு பெட்டை வந்தாள். அவளிடம் கேட்டேன்:

"இந்தத் தண்ணியை ஆர் திறந்து விடுறது?"

அவள் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அதுதான் பிலோமினா. அன்றைக்குத் தொடங்கின சிரிப்பு, இன்றைக்கு ஐஸ் பெட்டிக்கு மேல் இருந்து சிரிக்கிறவரைக்கும் நிற்கவில்லை.

அவளுடைய தகப்பன் யோசேப்புச் சம்மாட்டியார். நாலு வள்ளமும் கரையில் பெரிய மீன் வாடியும் வைத்திருந்த மனிதர். அவருடைய மூக்கு அந்தக் கரை முழுக்கப் பேர்போனது. மீனைத் தொடமாட்டார், செவுளைத் திறக்கமாட்டார். பெட்டிக்கு மேலால் ஒரு தரம் மூக்கைக் கொண்டுபோய், "இது காலமை ஏழு மணி மீன், அது நேற்றைய மீன்" என்பார். பிழைத்ததை நான் காணவில்லை.

ஆறு மாதம் லொறியில் வந்து போய், பிறகு லொறியை விட்டுவிட்டு அந்த வாடியிலேயே ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் என்று பிலோமினாவுக்குத் தெரியும், அவளுடைய தமையன் அந்தோனிக்குத் தெரியும், வாடியில் நின்ற நாய்க்கும் தெரியும். கடைசியாகச் சம்மாட்டியாரிடம் நேரே போய்க் கேட்டேன். பெண் கேட்க ஆட்களை அனுப்புகிற அளவுக்கு என்னிடம் ஆட்கள் இல்லை.

அவர் கோபிக்கவில்லை. சுருட்டைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீ சைவம், நாங்கள் வேதக்காரர். அது பேந்து பாப்பம், அதுக்குச் சுவாமியார் இருக்கிறார். ஆனால் கடலைத் தெரியாதவனுக்கு நான் என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன். நீ முழங்கால் தண்ணிக்கு மேலை போனதை நான் காணேல்லை."

உண்மைதான். எனக்கு நீந்தத் தெரியாது. வாய்க்காலில் படுத்து எழும்பத்தான் தெரியும்.

இப்படி யோசித்துக்கொண்டு திரிந்த நாளில்தான், சோளகக் காற்றுக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்த ஒரு காலையில், அந்தோனியின் வலை கிழிந்து வந்தது. கடலுக்கு அடியில் முருகைக்கல் வளர்ந்து கிடக்கிற திட்டைப் பார் என்பார்கள். வலை அந்தப் பாரில் மாட்டி, ஒரு பெரிய கொப்பை முறித்துக்கொண்டு வந்திருந்தது. அந்தோனி வாயில் வந்தபடி ஏசி, கொப்பைக் கழற்றி மணலில் எறிந்தான். அவர்களுக்கு அது வலையைக் கிழிக்கிற கல். நான் பார்த்தேன், எனக்கு அது கல்லாய்த் தெரியவில்லை. கிளை இருக்குது. கிளையில் கிளை இருக்குது. நுனியெல்லாம் வெளிறின நீலத்தில் குருத்து. குருத்து விட்டால் அது பயிர். இதை ஒரு கமக்காரனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உடனே என் மூளை வேலை செய்தது. அடுத்த நாலாம் நாள் அந்தோனியார் கோயில் பெருநாள். சம்மாட்டியார் வீட்டுக்கு ஊர்பட்ட ஆட்கள் வருவார்கள். அந்த நேரம் இந்தக் கடல் மரத்தை, தழைக்கத் தழைக்க, ஒரு பேசினில் வைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால்? கடலைத் தெரியாதவன் என்றீர்களே, கடலை உங்கள் முற்றத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறேன் என்றால்?

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அது எனக்கு மந்திரி போடுகிற திட்டம் மாதிரி இருந்தது.

கொப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வலைக் கொட்டிலுக்குப் பின்பக்கம் போனேன். அந்த இடம் சம்மாட்டியார் வீட்டுக் குசினிச் சுவரோடு ஒட்டினது. முதலில் என்ன செய்வேன்? உப்பைக் கழுவவேணும். உப்புத் தண்ணீர் பட்ட நெல்லுக்கு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். பயிர் கருகிவிடும். மூன்று தண்ணீர் கழுவினேன். நல்ல கிணற்றுத் தண்ணீர் விட்டேன். வேர் இல்லாமல் முறிந்து வந்த பயிர், சத்து வேணும். வட்டக்கச்சிக்குப் போகிற லொறியில் சொல்லிவிட்டு, அடுத்த நாளே ஒரு பொட்டலம் யூரியா எடுப்பித்தேன். ஒரு கைப்பிடி தூவினேன். மனது கேட்கவில்லை, இன்னும் ஒரு கைப்பிடி.

அன்று பின்னேரம் நாற்றம் தொடங்கியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உரம் போட்ட வயல் நாறும்தானே! நாற்றம் வருகிறது என்றால் பயிர் பிடிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த நாள் சம்மாட்டியார் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. பிலோமினாவின் தாய் தலையில் கை வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. "பெருநாளுக்குச் சுவாமியாரும் வரப்போறார். வீட்டுக்குள்ளை பிணம் கிடக்கிற மாதிரி மணக்குது. என்ரை அந்தோனியாரே!" அந்தோனி கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தான். கருவாட்டுச் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். நானும் உதவிக்குப் போய்க் கூரைக் கிடுகைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தேன். என் பயிரில் ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாதே.

கீழே நின்று சம்மாட்டியார் கேட்டார்: "மேலை என்னடா தேடுறாய்?"

"எலி, ஐயா. செத்த எலி."

"எலிக்கு இந்த மணம் இல்லை," என்றார். மூக்கைத் தூக்கினார். ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வேலியில் கை வைத்தபடி, நேரே நடந்தார். வீட்டைச் சுற்றி, குசினியைச் சுற்றி, வலைக் கொட்டிலின் பின்பக்கம். பின்னால் வீடு முழுக்கப் போனது. நான் கூரையிலிருந்து இறங்கவில்லை. இறங்கி என்ன செய்ய?

சாக்கைத் தூக்கியது பிலோமினாதான். பேசினுக்குள்ளே வெள்ளைச் சளிக்குள் என் கடல் மரம் கிடந்தது. பேசின் விளிம்பில் ஒட்டினபடி கொஞ்சம் யூரியா, உப்பு மாதிரி.

"இது ஆரின்ரை வேலை?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"என்னடா இது?" என்றார் சம்மாட்டியார்.

"நாத்து," என்றேன்.

அந்தோனி மணலில் விழுந்து உருண்டான். தாய் முந்தானையால் மூக்கை மூடுவதா சிரிப்பை மூடுவதா என்று தெரியாமல் திணறினா. வாடியில் நின்ற ஆட்கள் எல்லாம் வேலிக்கு மேலால் எட்டி, "கல்லுக்கு யூரியா போட்டவன்ரை முகத்தை ஒருக்கால் காட்டுங்கோடா" என்று கூவினார்கள். அன்றிலிருந்து அந்தக் கரையில் என் பெயர் யூரியா. அந்தோனி என்னை வேறு பெயரில் கூப்பிட்டதேயில்லை. கலியாணத்துக்குப் பிறகு 'யூரியா மச்சான்' என்று கொஞ்சம் மரியாதை சேர்த்தான்.

சம்மாட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. பேசினைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"தம்பி, இது கல்லுமில்லை, செடியுமில்லை. உயிர். கோடிக் கணக்கிலை சின்னச் சின்ன உயிர் சேர்ந்து கட்டின வீடு. உயிரோடை இருந்தபடியாத்தான் செத்து நாறுது. பழைய கல்லு நாறாது." சுருட்டைப் பற்றவைத்தார். அவருக்கும் அந்த மூக்குக்கு ஒரு மறைப்புத் தேவைப்பட்டிருக்கவேணும். "செத்ததை அதின்ரை ஊரிலைதான் அடக்கம் செய்யவேணும். கொண்டுபோய் எடுத்த இடத்திலை வை. எறியிறேல்லை. வைக்கவேணும்."

"ஐயா, எனக்கு நீந்த..."

"தெரியும்."

வள்ளம் போனது. பேசினை என் மடியில் வைத்திருந்தேன். ஒருவரும் எனக்குக் கிட்ட இருக்கவில்லை. அந்தோனி முன்னால் அணியத்தில் நின்று செத்த வீட்டுப் பாட்டுப் பாடினான். பாருக்கு மேலே வந்ததும் நங்கூரம் போட்டு, ஒரு பாறாங்கல்லைக் கயிற்றில் கட்டி என் கையில் தந்தார்கள். இடுப்பில் இன்னொரு கயிறு. மூன்று பாகத் தண்ணீர். மூன்று ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிள்ளையாரையும் அந்தோனியாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அதற்கு மேல் மூச்சு இருக்கவில்லை. அந்தோனி தள்ளினான்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் போனேன். கல் அடியில் தட்டியது. செத்துப்போனேன் என்று நினைத்தேன். சாகப்போகிறவன் எங்கே சாகிறான் என்று பார்க்கக்கூடாதா? கண்ணைத் திறந்தேன்.

எப்படிச் சொல்ல? என் வாழ்க்கையில் நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், பாதியைக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். இதைக் கூட்டத் தேவையில்லை. என் கையில் இருந்த கொப்பு மாதிரி ஒரு காடு. நீல நுனி, மஞ்சள் நுனி. ஒவ்வொரு கிளைக்குள்ளும் பச்சை மீன் குஞ்சுகள், நான் கையை நீட்ட ஒரே மூச்சில் உள்ளே போய், கையை எடுக்க ஒரே மூச்சில் வெளியே வந்தன. ஒரு கிளிமீன் கூட்டம், பச்சையும் ரோசாவுமாய், என்னைத் திரும்பியும் பார்க்காமல் கல்லைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது, சத்தியமாய்க் கேட்டது. ஒரு பொந்துக்குள் கலவாய் மீன் ஒன்று, அரசாங்கக் கந்தோர் வாசலில் இருக்கிற பெரியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. இன்னொரு பொந்திலிருந்து சிங்கிறால் மீசைகள், எண்ணினேன், ஏழு சோடி. மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி மீன் இரண்டு, சோடியாய். மணலில் கடலட்டை. எல்லாவற்றுக்கும் மேலால் ஒரு அழுங்காமை, ஓட்டில் வெயில் பட்டுத் தேன் நிறத்தில், அவசரமில்லாமல் நீந்திப் போனது. நான் என் செத்த கொப்பை ஒரு முறிந்த தண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளையாய் முறிந்த காயம் இருந்தபடியால் அந்த இடம்தான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. தண்ணீருக்குள் வாய் திறக்கேலாது.

பிறகு இடுப்புக் கயிறு இழுபட்டது.

வள்ளத்தில் குப்புறப் போட்டு அமத்தினார்கள். குடித்த கடலில் பாதி வந்தது. சம்மாட்டியார் பக்கத்தில் குந்தினார்.

"என்ன கண்டனி?"

சொன்னேன். இருமி இருமி, ஒன்று விடாமல், நிறம் நிறமாய்ச் சொன்னேன். சிங்கிறால் மீசையை எண்ணினதையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, கண்ணைப் பார்த்தார். இரண்டும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்து போயிருக்கும்.

"கண்ணைத் திறந்திருக்கிறான்," என்றார் அந்தோனியிடம். "இவனுக்குக் குடுக்கலாம்."

அவ்வளவுதான். சுவாமியாரும் ஐயரும் பட்ட பாடு வேறு கதை. அது சிரிப்புக் கதை இல்லை, அதனால் இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் கடலுக்கு அடியில் போகவில்லை. ஒரு தரம் முழுதாகப் பார்த்தவனுக்கு இரண்டாந்தரம் எதற்கு?

இவ்வளவும் எனக்கு வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கு அந்தப் பிள்ளை வந்தது. சின்னராசாவுக்கு அதற்குள் விசயம் விளங்கி, முகம் தேய்ந்துபோய்க் கேற்றடியில் நின்றான். இரவல் வாளியை உடைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்கு அவனைப் பார்க்க என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"பிள்ளை, நான்தான் தண்ணி மாத்தினனான்," என்றேன்.

செய்யாத நல்லதை எல்லாம் செய்ததாய்ச் சொல்லி வளர்ந்த வாய். செய்யாத பிழையைச் செய்ததாய்ச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம். அதிலும் பாதி உண்மைதானே.

"ஓம் பிள்ளை, இவர்தான்," என்றாள் பிலோமினா. "இவருக்கு இது பழக்கம்."

அந்தப் பிள்ளை வாளிக்கு முன்னால் குந்தி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தது. "நல்ல தண்ணி," என்றது, தனக்குத்தானே. ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். ஏசவில்லை. இரும்புச் சட்டத்தில் இந்தக் கொப்புகளைத் துண்டு துண்டாய்க் கட்டிக் கடலுக்குள் இறக்கி வளர்க்க இருந்ததாகச் சொன்னது. "முருகைக்கல் நாற்றுமேடை எண்டு சொல்லுவம், ஐயா."

"நாத்துமேடையோ!" நான் துள்ளிவிட்டேன். "பிள்ளை, உதை நான் நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னம் செய்தனான்! இந்த வன்னியிலை முதல் முதல்!"

"பேசினிலை," என்றாள் பிலோமினா.

பிள்ளை கொஞ்சம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாய் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தது. பாரில் வாழ்கிற உயிர்களின் படம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறப் புள்ளி. சிவப்பு என்றால் அழியப் போகுது. மஞ்சள் என்றால் ஆபத்துக் கிட்ட. பச்சை என்றால் இப்போதைக்குப் பயமில்லை. சாம்பல் என்றால் 'தகவல் போதாது'. என்னைப் பற்றி வாத்தியார் எழுதவேண்டியிருந்ததும் அதுதான். அவர் வேறு சொல் எழுதிவிட்டார். புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம்: 'முன்பு கண்டது', 'இப்போது காண்பது'.

முதல் கட்டத்தில் சரி சரியென்று போட்டுக்கொண்டு போனேன். அழுங்காமை, சிவப்புப் புள்ளி, சரி. கடலட்டை, சரி. சிங்கிறால், சரி. பள்ளிக்கூடத்தில் ஒரு தாளில் இத்தனை சரியை நான் கண்டதில்லை. கிளிமீனுக்குப் பச்சைப் புள்ளி போட்டிருந்தது.

"இது பிழை, பிள்ளை."

"இல்லை ஐயா, உலகத்திலை நிறைய இருக்கு."

"உலகத்திலை இருந்தென்ன? சம்மாட்டியார் பாரிலை இருக்கோ?"

பிள்ளை பேனையைக் கீழே வைத்தது. "அங்கையிருந்துதான் ஐயா இந்தக் கொப்பு வந்தது. வலைக்காரர் அப்பிடித்தான் சொன்னவை. சம்மாட்டியார் பார்."

சம்மாட்டியார் பார். அவர் போய் எவ்வளவு காலம். அந்தோனியும் இல்லை. பெயர் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது.

எனக்கு மூக்கில் இருந்த நாற்றம் அப்போது வேறு மாதிரி மணத்தது. பழைய கல் நாறாது. நாறினது என்றால் உயிர் இருந்தது. வாளிக்குள் இருந்தது என்றால் பாரிலும் இருக்கும். "நாளைக்குப் போவம்," என்றேன். "எனக்கு இடம் தெரியும். நான் வைச்ச இடம்."

"இந்த வயசிலையோ?" என்றாள் பிலோமினா. ஆனாலும் விடியப்புறம் தேத்தண்ணி போத்தலைக் கையில் தந்தவளும் அவள்தான்.

அடுத்த நாள் போனோம். குதிக்கத் தேவையில்லை, ஒரு சின்னக் கமராவைக் கயிற்றில் கட்டி இறக்க, வள்ளத்தில் இருந்த திரையில் அடி தெரிந்தது. முதலில் சாம்பல். பிறகும் சாம்பல். முறிந்த கொப்புகள் விறகு மாதிரிக் குவிந்து, பாசி பிடித்து. ஒரு பழைய தங்கூசி நைலோன் வலை மாட்டிக்கொண்டு, நீரோட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பச்சைக் குஞ்சு இல்லை. மீசை இல்லை. கிளிமீன் வரும், கொஞ்சம் பொறு என்று மூன்று தரம் சொன்னேன். பிள்ளை மூன்று தரமும் பொறுத்தது. வரவில்லை.

கமரா ஒரு மேட்டைச் சுற்றி வந்தபோது, சாம்பலுக்குள் ஒரு வெள்ளை. கிட்டக் கொண்டுபோனார்கள். ஒரு தண்டு. புதுசாய் முறிந்த காயம், பல் முளைத்த மாதிரிப் பளிச்சென்று. அதைச் சுற்றிப் பார்த்தார்கள், திரும்பவும் பார்த்தார்கள். மான்கொம்பு வேறு இல்லை. அந்த ஒரு மேட்டில் நின்றதுதான் மிச்சம். அதைத்தான் வலை முறித்தது. அதைத்தான் நாங்கள் நல்ல தண்ணீரில் கழுவி, ஐஸ் போட்டோம்.

கரைக்கு வரும் வரைக்கும் நான் கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்தால் உடம்புக்கு வருத்தம் வந்துவிட்டது என்று ஆட்கள் பயப்படுவார்கள். பிள்ளையும் பயந்துவிட்டது.

"ஐயா, கிளிமீனுக்கு எண்டாலும் இப்ப எண்ட கட்டத்திலை ஒரு சரி போடலாம். வேறை இடத்திலை காணுறவை இருக்கினம்."

பேனை என் கையில் இருந்தது. என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள், நான் ஒரு சரியோடு நிற்கிறவன் இல்லை. அழுங்காமைக்கு ஒன்று, கலவாய்க்கு இரண்டு போட்டுவிட்டு, "கண்டனான், எனக்குக் கையசைச்சது" என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் சம்மாட்டியார் என் முகத்தைப் பிடித்து வெயிலுக்குத் திருப்புகிற மாதிரி இருந்தது.

"நான் காணேல்லை, பிள்ளை," என்றேன். கிளிமீனுக்குப் போடவில்லை. ஒன்றுக்கும் போடவில்லை. கரையில் நின்ற பிலோமினா தாளை எட்டிப் பார்த்தாள். நான் வெறுமையாய் விட்ட கட்டங்களைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தரமாக, ஒரு பகிடியும் சொல்லவில்லை.

கடைசியாய் மான்கொம்பு இருந்தது. சிவப்புப் புள்ளி. முதல் கட்டத்தில் சரி போட்டிருந்தேன். இரண்டாவதில் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"இதுக்கு என்ன போட? நேற்றுக் காலமை வரைக்கும் இருந்தது. என்ரை கேற்றுக்குள்ளை."

பிள்ளை தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தது.

"அதுக்குக் கட்டம் இல்லை, ஐயா."